சீருடைத் துண்டு

நான் வேலை செய்யும் ஒஸ்லோ முதியோர் இல்லத்தில், ஒல்லாந்துக் கிழவர் ஒருவரின் பெட்டியைத் திறந்தேன். பூச்சியுருண்டை வாசத்தோடு ஒரு படம். தன் நாட்டைப் பிடித்த ஜெர்மன் இராணுவத்தின் சீருடையில் இளவயதில் அவர்.

"நானாகத்தான் சேர்ந்தேன்," என்றார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கும் அந்த வாசம் வந்தது. ஊரைப் பிடித்திருந்த வெளிநாட்டு இராணுவம் உள்ளூர் இளைஞரைக் கட்டாயப்படுத்திப் படை சேர்த்த நாட்கள். அண்ணாவுக்கு அதே வாசத்தோடு ஒரு சீருடை கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றே அம்மா அவனை ஊரைவிட்டு அனுப்பினாள்.

மறுநாள் அந்தப் படைப் பெடியள் வந்தார்கள்.

"எங்கையம்மா உடுப்பு?"

கிழித்த சீருடைத் துண்டால் பிடித்துச் சோற்றுப்பானையை இறக்கியபடி அம்மா சொன்னாள்: "இதுதான் தம்பி. நல்ல துணி, கை சுடேல்லை."

இதைக் கிழவருக்குச் சொன்னபோது என் குரல் தானாக உயர்ந்தது.

அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"என் சீருடையை என் அம்மா அயன் பண்ணித் தந்தாள்."