பம்பரத்தின் பதினான்கு கேள்விகள்

போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு அவள் என்னை நோக்கி நடந்து வருவாள். முனையோடு முனை சேரும்போது என் முகத்துக்கு நேராக, "கோமே பியென்?" என்பாள். ஸ்பானிஷில் அதற்கு, மகள் நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று அர்த்தமாம். நான் "ம்" என்று சொல்லி முனைகளை வாங்கிக்கொள்வேன். அடுத்த போர்வையோடு திரும்பி வருவாள். "துவேர்மே பியென்?" நன்றாகத் தூங்குகிறாளா? ஒரு காலைப் பொழுதில் நாங்கள் இருவரும் இருநூறு போர்வை மடிக்கிறோம். இருநூறு தடவையும் சாப்பாடும் தூக்கமும் விசாரிக்கப்படுகின்றன. நான் பெற்ற பிள்ளைகள்கூட என்னை இவ்வளவு விசாரித்ததில்லை.

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். வைத்தது யாரோ தெரியாது, ஆனால் கண்ணுள்ள ஆள். டீயை நின்றுகொண்டேதான் குடிப்பாள். குடிக்கும்போதே குனிந்து, துணிவண்டிச் சக்கரத்தில் சுற்றிய நூலைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். தேய்க்கும் உருளையிலிருந்து துணி வெளியே வருவதற்குள் அதன் வாயருகே போய்க் கையை நீட்டுவாள். நான் வேலை தொடங்குமுன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி வேண்டிக்கொள்வது வழக்கம். அதற்கும் பொறுக்காது. "சீக்கிரம் முடிங்கக்கா, அவருக்கு இன்னும் எத்தன பேரு வரிசையில நிக்கிறாங்களோ" என்பாள். கடவுள் அவளைக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவளைத் துரத்திப் பிடிப்பதற்கே அவருக்கு நேரம் சரியாயிருக்கும்.

அவளுக்கு ஒரே மகள். வேலைக்குப் போன தூரதேசத்திலேயே கல்யாணம் செய்துகொண்டு இருந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். மாப்பிள்ளையின் அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறார். போன வருடம் மகளுக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. அதை அவள் அம்மாவிடம் சொன்னது ஆறு மாதம் கழித்து. அந்த ஆறு மாதமும் வாரம் தவறாமல் போனில் "நல்லா இருக்கேம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது மறுபடி ஐந்தாம் மாதம். மறுபடியும் அதே "நல்லா இருக்கேம்மா". அந்த வார்த்தையைப் பம்பரம் இப்போது நம்புவதில்லை.

கூடவே இருந்து பார்க்கிறவர் சம்பந்தியம்மா. அவர் வாயால் கேட்டால்தான் நெஞ்சு ஆறும் என்று தீர்மானித்துவிட்டாள். மகளை நடுவில் வைத்துக் கேட்டும் பார்த்தாள். சம்பந்தியம்மா ஐந்து நிமிஷம் பேசுவார். மகள் அதை, "எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்றாங்கம்மா" என்று முடித்துவிடுவாள்.

"அஞ்சு நிமிஷத்தப் புழிஞ்சா ரெண்டு சொட்டுதான் வருமாக்கா?" என்று, ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைக் கேட்டாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் கப்பல்காரர் இருக்கிறார். இருபது வருடம் கப்பலில் மின்சார வேலை பார்த்தவர். கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்களாம். கரை ஏறிய பிறகு அதைச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு நேரத்துக்கு ஒரே ஆள்தான். இரண்டு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் அவர்கள் தமிழிலேயே ஊர்க்கதை பேசிவிட்டு எழுந்து போய்விடுகிறார்களாம். பம்பரம் என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாள். அவர் மேல் சந்தேகத்தால் இல்லை. தான் பாதியில் எழுந்து ஓடிவிடாமல் நான் பிடித்துவைக்க வேண்டும் என்று.

முதல் நாள் அவர் நிறங்களும் பழங்களும் போட்ட புத்தகத்தைத் திறந்தார். அவள் எட்டி அதை மூடினாள். "வாத்தியாரே, நான் அங்க ஆரஞ்சு வாங்கப் போறதில்ல. எனக்குப் பதினாலு கேள்வி இருக்கு. அத மட்டும் சொல்லிக்குடுங்க" என்று நோட்டை நீட்டினாள். அவர் பதினான்கையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவளுக்கென்று அளவெடுத்துத் தைத்த பாடம்தான். அவள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாள். அவர் நாற்காலியை அறை நடுவில் போட்டுக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார். அவர்தான் சம்பந்தியம்மா. அவள் கேட்பாள், அவர் "பியென்" என்பார். நன்றாக, என்று அர்த்தம்.

மூன்றாவது வாரம் மட்டும், பயிற்சிக்காக, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அந்தப் பாஷையில் பதில் சொல்லி, தமிழிலும் விளக்கினார். அவள் நின்றாள். "அப்படிச் சொல்லாதீங்க" என்றாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். பையை நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அடுத்த வாரத்திலிருந்து பதினான்கு கேள்விக்கும் பதினான்கு "பியென்". நல்ல வார்த்தையே நாவில் இருக்கட்டும், அதுவும் ஒரு வேண்டுதல்தானே என்று நானும் பேசாமலிருந்தேன். மூன்று பேருமாகச் சேர்ந்து செய்த தப்பு அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, அவள் வீட்டிலிருந்து வீடியோ போன் போட்டாள். அங்கே காலை, மகள் தூங்கும் நேரம் பார்த்து, சம்பந்தியம்மாவின் சொந்தப் போனுக்கே. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். அந்த அம்மாள் சமையலறையில் இருந்தார். நரைத்த தலை, தோளில் ஒரு துண்டு. பம்பரம் வணக்கம் சொல்லி, "கோமோ எஸ்தா மி இஹா?" என்று கேட்டாள். என் மகள் எப்படி இருக்கிறாள்? அதுதான் முதல் கேள்வி. இத்தனை நாள் வாயில்லாத சம்பந்தி தன் பாஷையில் கேட்டதும் அந்த அம்மாள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பேசத் தொடங்கினார். குழாயைத் திறந்துவிட்டதுபோல் வந்தது பேச்சு. ஒரு தடவை பின்னால் இருந்த கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மறுபடி பேசினார்.

பம்பரம் இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இல்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

"என்னடி சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. அவ்வளவு பேசுனாங்களே, அதுல ஒரு பியென்கூட இல்ல."

அடுத்த நிமிஷம் நாங்கள் தெருவில் இருந்தோம். அவள் முன்னே, நான் மூச்சிரைக்கப் பின்னே. கப்பல்காரர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு சொல்லைத்தான் அவள் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். மூன்று தடவை வந்ததாம். "ரெபோசோ."

"ஓய்வு" என்றார் அவர். "படுக்கையிலயே இருக்கச் சொல்லியிருக்காங்க போல." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துச் சொன்னார்: "கொழந்த உள்ள இருந்தாத்தானே படுக்கச் சொல்லுவாங்க? அதக் கெட்டியாப் புடிச்சுக்குங்க. வேணும்னா இப்பவே நான் பேசிக் கேக்கறேன்."

"வேணாம் வாத்தியாரே. நடுவுல ஒருத்தர் வந்தா அவங்களும் மறைச்சுத்தான் பேசுவாங்க. நாளைக்கு நானே கூப்புடுறேன். நல்ல வார்த்த போதும். மத்ததச் சொல்லிக்குடுங்க."

நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். வலி என்றால் என்ன என்று கேட்டாள். அவர் சொன்னார், அவள் தமிழ் எழுத்தில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். காய்ச்சல். ரத்தம். அழுகிறாள். பயப்படுகிறாள். ஒவ்வொன்றாக எழுத்து அழுந்த எழுதினாள். நான் ஓரத்தில் உட்கார்ந்து, ஆண்டவனே, ஆண்டவனே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் வேண்ட எனக்கு வரவில்லை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. போன வருஷம் அவளுக்கு நடந்தது" என்றாள்.

அவர் பக்கெட்டில் மிச்சமிருந்த துணியைக் கொடியில் போட்டார். பிறகு அந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில் சொன்னார். தமிழில் அதற்கு என்ன என்று அவரும் விளக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பேனா முனை தாளில் ஊன்றி நின்றது. அந்த இடத்தில் மை ஊறிப் பொட்டானது. அவள் நோட்டை மெதுவாக அவர் பக்கம் திருப்பி, பேனாவை அவர் கையில் வைத்தாள்.