மூன்று மணிக்கு நம்மாளு

புதுச்சேரியில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடையைத் திறந்து வைத்திருப்பவனை ஊர் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பார்கள். அவன் விட்டுப்போனதில் எத்தனையோ விஷயங்களை நாம் உதறிவிட்டோம், மதியத் தூக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். என் விளையாட்டுச் சாமான் கடையின் ஷட்டரும் முப்பது வருஷமாக ஒரு மணிக்கு இறங்கி நான்கு மணிக்கு ஏறியது. நான் சாப்பிட்டுவிட்டு, கேரம் போர்டுகளுக்கு நடுவே பாய் விரித்துத் தூங்குவேன். கொரியாவிலிருந்து ஒரு தடித்த மனிதன் வந்து அந்தத் தூக்கத்தைக் கெடுப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சான் என் தங்கையின் கணவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, ஒரே தெரு, ஒரே மாதா கோயில். மில்லில் வேலை பார்த்தவன். மில்லை மூடிய பிறகு ஒயரிங் வேலைக்குப் போனான். வாலிபத்தில் மில் கிரவுண்டில் டென்னிஸ் பந்தில் வேகமாகப் பந்து போடுவான். என் பேட்டில் அவன் பந்து பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை, அவனுக்கும் இல்லை. ஊரடங்கு வந்ததற்கு முந்தைய வருஷம் என் தங்கை சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள். அதோடு அவன் பேச்சும் நின்றுவிட்டது. சாப்பிட்டாயா என்றால் தலையாட்டுவான். ஒரே மகள் கல்யாணமாகி பாரீசில் இருக்கிறாள். அவளிடமும் போனில் தலையைத்தான் ஆட்டுவான், அவள் அங்கே அழுவாள்.

ஊரடங்கு சமயத்தில் எல்லாமே நின்றுபோனது. கிரிக்கெட் இல்லை, கால்பந்து இல்லை. என் கடையும் மூடிக் கிடந்தது. வீடு கடைக்கு மேலேதான். பெங்களூரில் இருக்கும் மகன், "அப்பா, உலகத்துலயே இப்ப கொரியாவுலதான் லைவ் மேட்ச் நடக்குது, பேஸ்பால்" என்று போனில் சொல்லி, வழியும் சொல்லச் சொல்ல, கடை டிவியில் எப்படியோ அதை வரவழைத்தேன். எனக்குத் துணை வேண்டும் என்று சாக்குச் சொல்லி, நான்கு வீடு தள்ளி இருந்த மச்சானைப் பின்வாசல் வழியாக இழுத்து வந்து உட்கார வைத்தேன். அங்கே சாயங்காலம் ஆறரை, நமக்கு மதியம் மூன்று. மைதானத்தில் ஒரு ஆள் இல்லை. காலி நாற்காலிகளில் ஆள் உட்காருகிற மாதிரி கரடி பொம்மை, முயல் பொம்மை என்று வரிசையாக வைத்திருந்தார்கள். மச்சான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொம்மையெல்லாம் டிக்கெட் எடுத்துனு வந்துருக்கு பாரு," என்றான்.

ஆறு மாதத்துக்குப் பிறகு அவனாகச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவானோ என்று பயந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஆடிய ஒரு அணியில்தான் நம்மாளு இருந்தான். அவன் பெயரைச் சரியாகச் சொல்ல எங்கள் இரண்டு பேர் நாக்கும் ஒத்துழைக்கவில்லை, அதனால் நம்மாளு. இடது கைக்காரன். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. ஓடும்போது மளிகைக்கடை முதலாளி பஸ் பிடிக்க ஓடுவது மாதிரி இருக்கும். ஆனால் பந்து மட்டையில் பட்டுவிட்டால் அவன் ஓட வேண்டிய அவசியமே இருக்காது. பந்து விளக்குக் கம்பத்தைத் தாண்டிப் போய் முயல் பொம்மைகளுக்கு நடுவே விழும். மற்றவர்கள் இப்படி ஹோம் ரன் அடித்தால் மட்டையைச் சுழற்றித் தூக்கி வீசுவார்கள், அங்கே அது ஒரு ஸ்டைலாம். நம்மாளு மட்டையைக் குனிந்து தரையில் வைத்துவிட்டுப் போவான். பேட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கும் ஊரில் வளர்ந்த எங்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

பிறகு பழைய வீடியோக்களைத் தேடிப் பார்த்தோம். வயசானவனாக அவனை அறிந்துகொண்டு, பிறகு இளைஞனாகப் பார்த்தோம். ஒல்லியாக ஒரு பையன் மூன்று பந்துக்கும் மட்டையைக் காற்றில் வீசிவிட்டு, அவுட்டாகி, அவமானத்தோடு திரும்பி நடக்கிறான். அடுத்த வருஷமும் அப்படியே. பிறகு கட்டாய ராணுவச் சேவை. திரும்பி வந்தபோது தோள் அகன்றிருக்கிறது. பிறகு ஜப்பானுக்கு ஆடப் போய், அங்கே ஒன்றும் நடக்காமல், மணிக்கட்டில் கட்டோடு திரும்பி வருகிறான். விமான நிலையத்தில் காமிரா முன்னால் தலை குனிந்து நிற்கிறான். அந்த வீடியோவை மச்சான் அடிக்கடி போடச் சொல்வான். "திரும்பி வந்தான் பாரு, அதுதான் ஆட்டம்," என்பான்.

ஊரடங்கு முடிந்து கடை திறந்த பிறகும் மூன்று மணி ஆட்டம் நிற்கவில்லை. ஒரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்குவேன். முழுதாக இறக்கினால் மச்சான் வர முடியாது. மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் அவன் செருப்பு அந்த இடைவெளியில் தெரியும், பிறகு முட்டி, பிறகு குனிந்த தலை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சுவர் விசிறி. நான்கு மணிக்கு ஷட்டரை ஏற்றி, சத்தத்தைக் குறைத்து, ஷட்டில்காக் விற்றுக்கொண்டே மிச்சத்தைப் பார்ப்போம்.

புரியாத மொழியில் பார்த்ததால் விதிகளை நாங்களாகவே கண்டுபிடித்தோம். பெரும்பாலும் தப்பாக. முக்கியமான கட்டத்தில் நம்மாளு ஆட வருவான். திடீரென்று அம்பயர் கையை நீட்டி, அடித்தவன் ஓடிச் சேர வேண்டிய முதல் கட்டமான முதல் பேஸைக் காட்டுவார். ஒரு பந்துகூடப் போட்டிருக்க மாட்டார்கள். நம்மாளு மட்டையைக் கீழே வைத்து, முழங்கைக் கவசத்தைக் கழற்றிவிட்டு, பேசாமல் அங்கே நடந்து போவான். கால்பந்தில் சிவப்பு அட்டை மாதிரி இது ஏதோ தண்டனை என்று முடிவு கட்டினோம்.

"கெட்ட வார்த்தை பேசியிருப்பான்," என்றேன் நான்.

"நம்மாளா? வாயத் தொறக்கறதே இல்ல. அம்பயருக்கு இவன் மேல என்னாமோ கடுப்பு."

ஒரு சீசன் முழுவதும் அந்த அம்பயரின் பரம்பரையையே மச்சான் திட்டித் தீர்த்தான். இத்தனை அநியாயத்திலும் எதிர்த்துப் பேசாத நம்மாளுவின் பொறுமையைப் பார்த்து இரண்டு பேரும் உருகினோம்.

ஆரோவில் பக்கம் தங்கியிருந்த ஒரு கொரியப் பெண்மணி ஒருநாள் பேட்மின்டன் நரம்பு மாற்ற வந்தார். டிவியைப் பார்த்ததும் ராக்கெட்டை மறந்து நின்றுவிட்டார். அப்போது பார்த்து நம்மாளுவை மறுபடி முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். நான் பொங்கிப்போய், ஏன் இந்தத் தண்டனை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தண்டனை இல்லை, பயம் என்றார். இவன் அடித்துவிடுவான் என்று பயந்து, நீ அடிக்கவே வேண்டாம், ஒரு பேஸை இனாமாக எடுத்துக்கொண்டு போ என்று எதிரணி அனுப்பிவிடுகிறது. சில பேர் கண்துடைப்புக்கு நான்கு பந்தை எட்டாத தூரத்தில் போட்டும் அனுப்புவார்களாம். இதற்கு 'நடக்க விடுவது' என்று பெயராம்.

அவர் போன பிறகு மச்சான் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"இது தண்டனைய வுட மோசம் மச்சான். மரியாதை குடுக்கற மாதிரி குடுத்து, ஆட வுடாம அனுப்பிடறானுங்க."

அதிலிருந்து அவனுக்கு அது ஒரு சொல்லாகிவிட்டது. கோயில் திருவிழாவில் ஒயரிங் வேலையைச் சின்னப் பையன்களிடம் கொடுத்துவிட்டு, பங்குச் சாமியார் இவனை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தால், வந்து, "என்ன நடக்க வுட்டுட்டாங்க மச்சான்," என்பான்.

அந்தப் பைத்தியத்தில் நான் ஒரு டஜன் பேஸ்பால் மட்டை தருவித்தேன். பேஸ்பால் ஆட ஒருவர்கூட வாங்கவில்லை. ஒரு சாராயக்கடை முதலாளி இரண்டு வாங்கினார், ஒரு ஆட்டோக்காரர் சீட்டுக்கடியில் வைக்க ஒன்று வாங்கினார். அடுத்த வாரம் ஒரு போலீஸ்காரர் வந்து யார் யாருக்கு விற்றாய் என்று விசாரித்துவிட்டுப் போனார். மிஞ்சியதில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போவோம். மச்சான் பந்து போடுவான், நான் மட்டையை வீசுவேன். வலை காயப்போடும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்ப்பார்கள். அங்கேயும் என் மட்டையில் பந்து பட்டதில்லை.

அதுதான் நான் வாழ்ந்ததிலேயே சந்தோஷமான காலம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதை மதியப் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு வருஷம், சீசன் தொடங்கும்போதே, இது கடைசி என்று நம்மாளு அறிவித்துவிட்டான். அதே வாரம் மச்சான் பாதி ஷட்டரில் குனிந்து உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றான்.

"பாரீசுல பாப்பா விசா பேப்பரெல்லாம் முடிச்சிடுச்சி. அங்கயே வந்து இருந்துடுங்குது. நம்மாளு முடிக்கட்டும், நானும் கெளம்பறேன்."

போகாதே என்று வாய் வரை வந்தது. ஆனால் அவனுடைய மகள், அவனுடைய பேரப்பிள்ளைகள், நான் யார் குறுக்கே நிற்க என்று நினைத்தேன். "நல்ல விஷயந்தான். இங்க தனியா எதுக்குக் கெடக்கணும்," என்றேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

அந்த ஆறு மாதமும் கொரியாவின் ஒவ்வொரு ஊரிலும் நம்மாளுவுக்கு விடை கொடுத்தார்கள். எதிரணிக்காரர்களே பூங்கொத்து, சட்டம் போட்ட படம், மண்பானை என்று பரிசு கொடுத்தார்கள். இங்கே நானும் அதையேதான் செய்தேன். ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன். சூட்கேசுக்குச் சக்கரம் மாற்றினேன். அவனுக்குப் பிடித்த ஊறுகாயை என் மனைவியிடம் சொல்லிப் போட வைத்தேன். பார்க்கிறவர்கள், இவன்தான் மச்சானை ஊரைவிட்டு அனுப்புகிறான் போல என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு திருட்டுத்தனம் செய்துகொண்டிருந்தேன். அங்கே மழை பெய்தால் ஆட்டம் ரத்தாகும், ரத்தான ஆட்டத்தைச் சீசன் கடைசியில் சேர்ப்பார்கள். அதனால் சீசன் நீளும். புதுச்சேரியில் குழாய்த் தண்ணீருக்கு ஜனங்கள் அல்லாடிய கோடையில், கொரியாவில் மழை பெய்ய வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெய்யவும் செய்தது. மைதானத்தில் தார்ப்பாய் விரிக்கும்போதெல்லாம் மச்சான் உச்சுக்கொட்டுவான், நானும் சேர்ந்து உச்சுக்கொட்டுவேன்.

எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினாலும் மழைக்கும் ஒரு முடிவு உண்டு. கடைசி ஆட்டம் வந்தது. அன்றைக்கு நான்கு மணிக்கு ஷட்டரை நான் ஏற்றவில்லை, ஊரடங்கை விட்டால் முப்பது வருஷத்தில் முதல் தடவை. வெளியே யாரோ தட்டினார்கள், கூப்பிட்டார்கள், போய்விட்டார்கள்.

மைதானம் நிரம்பி வழிந்தது. பொம்மைகள் இருந்த இடத்தில் எல்லாம் மனிதர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நம்மாளு கடைசியாக ஆட வந்தான். ஒன்றிரண்டு ஓட்டத்தில் ஆட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. பந்து போட வந்தவன் மீசை முளைக்காத பையன். முதல் பந்தை எட்டாத தூரத்தில் போட்டான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். இன்னும் ஒன்று போட்டால் நம்மாளு நடந்து போய்விட வேண்டியதுதான்.

மச்சான் எழுந்து நின்றான். "டேய் தம்பி, நேரா போடுடா. அவுரு அவுட்டாயி போனா போறாரு, நீ நேரா போடு."

பையன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிறகு நேராகப் போட்டான். நம்மாளு முழு உடம்பையும் சுற்றி வீசினான், படவில்லை. அடுத்ததும் நேர். பந்து மேலே மேலே போனது. மைதானமே எழுந்தது. சுவரை ஒட்டி ஒருவன் அதைப் பிடித்துவிட்டான். அவுட். நம்மாளு அந்தப் பையனைப் பார்த்துத் தலைக்கவசத்தைக் கழற்றிக் குனிந்தான். மட்டையை மெதுவாகத் தரையில் வைத்தான். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிவியை அணைத்தான்.

"அந்தப் பையன் ஆம்பள. நேரா போட்டான்," என்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீதான் மச்சான், ஆறு மாசமா வைடாவே போட்டுனு இருந்த. ஸ்வெட்டரு, சூட்கேசு, ஊறுகா."

"போவாத மச்சான்," என்றேன்.

"இப்ப நேரா போடறியே. டிக்கெட் எடுத்தாச்சி."

"முன்னாடியே சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

"தெரியல," என்றான். "ஆனா சும்மா நடந்து போயிருக்க மாட்டேன்."

நான்காவது நாள் போய்விட்டான்.

இரண்டு சீசன் முடிந்துவிட்டது. இது மூன்றாவது. இங்கே மூன்று மணி என்றால் பாரீசில் காலை பதினொன்றரை. ஆட்டம் தொடங்கும்போது போன் செய்வான், இரண்டு பேரும் அவரவர் டிவியில் பார்ப்போம். நம்மாளு இடத்தில் இப்போது ஒரு ஒல்லிப் பையன் ஆடுகிறான், மூன்று பந்துக்கும் மட்டையைக் காற்றில் வீசுகிறான். மச்சான் அங்கிருந்தே அம்பயரைத் திட்டுவான். நான் சுகமா, குளிரா என்று கேட்பதை எல்லாம் விட்டுவிட்டேன். எடுத்ததும் ஒரே கேள்விதான், "எப்ப வர்ற?" ஒவ்வொரு தடவையும் "பாப்போம்" என்பான். நான் மறுநாளும் அதையே கேட்பேன்.

நேற்றும் கேட்டேன். இந்தத் தடவை 'பாப்போம்' வரவில்லை.

"இப்பல்லாம் ஷட்டர முழுசா எறக்கிடறியா?" என்றான்.

"ஆமா. யாரு வரப்போறா?"

"அடுத்த மாசத்துலேருந்து பாதி எறக்கு," என்றான்.