ஷிப்ட் நோட்டில் நான்காவது கையெழுத்து

வால்வைத் தொடுவதற்கு முன்னால் ஷர்லி அக்கா நோட்டைத் தொடுவார். கடைசி வரியில் விரலை வைத்து, உதடசைத்துப் படித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "சரி, நான் ஷர்லி. மணி ஆறு இருவது. பொறுப்பு வாங்கியாச்சு" என்று மோட்டார் அறையிடம் சொல்லிவிட்டுத்தான் கீழத்தெருவுக்குத் தண்ணீர் திறப்பார். மோட்டார் பதில் சொல்லாது. அவரும் எதிர்பார்ப்பதில்லை.

அன்னவாசல் பக்கத்தில் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு அவர்தான் ஆபரேட்டர். நாற்பது வயதுக்குள் இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, இடுப்பில் சாவி. பார்த்தால் ஒரே ஆள்தான். உள்ளே மூன்று பேர் முறை வைத்து இருக்கிறார்கள். புதுக்கோட்டையில் மனநல டாக்டரம்மா இதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்காவின் விளக்கம் சின்னது: "சின்ன வயசுல நடக்கக் கூடாதது நடந்துச்சு. ஒரே ஆளாத் தாங்க முடியல. பிரிச்சு வச்சுக்கிட்டோம்." அதற்கு மேல் கேட்டால், "மேலத்தெருவுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிடுவார்.

ஒருத்தி வெளியே இருக்கும்போது நடப்பது மற்றவளுக்கு நினைவிருக்காது. ஒரு தடவை பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்றா இல்லையா என்று தெரியாமல், நிறைந்த தொட்டியை அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்டிருக்கிறார். அன்றைக்கு ஊரே குடத்தைத் தட்டிக்கொண்டு வந்து நின்றது. அதற்கப்புறம் வந்ததுதான் இந்த நோட்டு. அக்கா நூல் மில்லில் ஏழு வருடம் வேலை செய்தபோது பார்த்த வழக்கம்: இறங்குகிற ஷிப்ட் எழுதி வைக்கும், ஏறுகிற ஷிப்ட் படித்துக் கையெழுத்துப் போடும்.

ஷர்லியின் எழுத்து உருண்டை. 'மேஸ்திரி' என்பவள் தாள் கிழிகிற மாதிரி அழுத்துவாள்: "பள்ளிக்கூடத் தெரு வால்வு ஒழுகுது. யாரும் பாக்கல. வெக்கமா இல்ல?" 'சின்னவள்' எழுதுவது பென்சிலில்: "வெளிய நாய் நிக்கிது. நான் கதவத் தொறக்கல." அதற்குக் கீழே மேஸ்திரி: "நல்லது. டப்பால பிஸ்கட் இருக்கு."

ஊராட்சிச் செயலர் ரெங்கராஜ் சாரிடம் அக்கா எதையும் மறைக்கவில்லை. "எத்தன பேரு வேணாலும் இருங்கம்மா, தண்ணி வந்தாச் சரி. சம்பளம் மட்டும் ஒண்ணுதான்" என்றாராம்.

எது எதோடு இணைந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் அக்காவுக்குத் தூக்கம் வராது. கரண்ட் போனால் எந்த டிரான்ஸ்பார்மர் என்று தேடிக் கிளம்புவார். பஸ்ஸில் ஏறினால், டிரைவர் எந்த ஊரில் மாறுவார், அடுத்தவரிடம் என்ன சொல்லி இறங்குவார் என்று கண்டக்டரைக் குடைவார். டாக்டரம்மாவிடமே, "எங்களுக்கு வயரிங் படம் எதுவும் இருக்கா மேடம்?" என்று கேட்டிருக்கிறார். "நீங்கதான் வரைஞ்சு தரணும்" என்றாராம் அவர். வரைந்திருக்கிறார், நோட்டின் கடைசித் தாளில், குழாய்ப் படம் மாதிரியே. 'கதவு அறையும் சத்தம்' என்ற இடத்திலிருந்து ஒரு கோடு நேராகச் சின்னவளிடம் போகிறது.

பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை விழுந்த எனக்கே அந்தப் படம் புரிந்தது. புரிந்தவள் சும்மா இருந்திருக்கலாம். போன மாதம் ஒரு நாள் அக்கா கடைசிக் குழாயில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கப் போயிருந்தார். நோட்டு திறந்து கிடந்தது. இடது கையால் எழுதினேன்: "நான் புதுசு. எனக்கும் ஒரு ஷிப்ட் வேணும்."

சிரிப்பார், 'ஏய் பிரின்சி' என்று துரத்துவார் என்று எண்ணிக் குடத்தோடு வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். அவர் படித்தார். நோட்டை மூடினார். மறுபடி திறந்தார். பிறகு பிளீச்சிங் பவுடர் மூட்டையை வெளியே இழுத்துவந்து, புது ஆள் கைக்கு எட்டாதபடி பக்கத்துக் கொட்டகையில் போட்டுப் பூட்டினார்.

நான்தான் எழுதினேன் என்பதை நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு நாள் ஓட்டினேன். அந்த நான்கு நாளும் ஒவ்வொரு வால்வையும் ஐந்து முறை போய்ப் பார்த்தார். நோட்டில் மூன்று கையெழுத்தும் ஒரே கேள்வியைக் கேட்டன: "யாரு நீ?" பென்சில் எழுத்து மட்டும் அதோடு, "அவ அடிப்பாளா?" என்றும் கேட்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு தாளை நீட்டினார். "பிரின்சி, தப்பு இருந்தாச் சொல்லு. ரெங்கராஜ் சார்கிட்ட சாவியோட குடுக்கணும்." செயலருக்கு எழுதிய கடிதம். 'என்னுள் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். அவர் யாரென்று தெரியாத நிலையில், முந்நூறு வீட்டுக் குடிநீரில் நான் கை வைப்பது சரியல்ல.'

"அக்கா, அது நான் எழுதுனது."

"எனக்காகச் சொல்ற. வேணாம்மா."

"சத்தியமா நாந்தான். வெளையாட்டுக்கு எழுதுனேன்."

நம்பவில்லை. எழுதிக் காட்டச் சொன்னார். இடது கையால் எழுதினேன். வேறு மாதிரி வந்தது. இன்னொரு தடவை எழுதினேன். அப்போதும் ஒத்துவரவில்லை. "பாத்தியா, இது கோணல் மட்டுந்தான். அதுல ஒரு நடுக்கம் இருக்கு" என்றார்.

திடீரென்று கேட்டார்: "எங்கிட்டு வச்சு எழுதுன?"

"மோட்டார் பக்கத்து இரும்புப் பெட்டி மேல."

"அப்ப மோட்டார் ஓடுச்சா?"

ஓடியது. அவர் சுவிட்சைப் போட்டார். பெட்டி அதிர்ந்தது. நோட்டை அதன்மேல் வைத்து, "எழுது" என்றார். எழுதினேன். அதே நடுக்கம், வளைவுக்கு வளைவு. இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

மோட்டாரை அணைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாவியை மறுபடி இடுப்பில் செருகினார். "உள்ள இருக்கவங்களுக்குத் தகவல் சொல்லணும். ரொம்பப் பயந்து கெடக்காக" என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தார்.

என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். அவர் நிமிரவே இல்லை. பேனா நகர நகர, இடது உள்ளங்கையால் அந்த வரியை என்னிடமிருந்து மறைத்துக்கொண்டே போனார்.