வெளியே தூக்கி வைத்த அடுப்பு

சுவிஸில் நான் இருக்கும் சிறிய ஊரில், கடை பூட்டுவதற்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது கடைப் பெண் ஒருத்தி ஒட்டுத்தாள் உருளையோடு வந்து, வாடத் தொடங்கிய மரக்கறிகளின் மேல் மஞ்சள் நிறத்தில் ‘அரைவிலை’ என்று ஒட்டிக்கொண்டு போவாள். இங்கே வந்து இருபத்துநாலு வருடமாகியும் அந்த மஞ்சள் தாள் எனக்குப் பழகவில்லை. என் பல்லைப் பார்க்கும் வைத்தியரே விலை உயர்ந்த காரில் வந்து இறங்கி, அரைவிலை லீக்ஸை எடுத்துக்கொண்டு எனக்கு வணக்கமும் சொல்லிவிட்டுப் போகிறார். நானோ எங்கள் ஆட்கள் யாராவது நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் கையை நீட்டுவேன். போன மாதம் ஒரு தமிழ்ப் பெண்ணும் நானும் ஒரே தட்டின் முன்னால் அகப்பட்டுக்கொண்டோம். இருவரும் உடனே திரும்பி, பக்கத்தில் இருந்த பால் பெட்டிகளைக் கவனமாக வாசிக்கத் தொடங்கினோம். வெட்கப்படத் தேவையில்லாததற்கெல்லாம் வெட்கப்பட்டுப் பழகிவிட்டேன். வெட்கப்பட வேண்டிய ஒரு காரியத்தையும் கடந்த ஆவணியில் ஊரில் செய்துவிட்டு வந்தேன். சம்பந்தப்பட்டவர்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அரைவிலை லீக்ஸை என்ன செய்வது என்று எனக்குக் காட்டித் தந்தவன் அன்ரன். நான் இங்கு வந்த முதல் குளிர்காலத்தில், அகதிகளுக்கான கட்டிடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை கிடைத்தது. ஒரு மூலையில் மின் அடுப்பு, ஒரு பானை, ஒரு தாச்சி. அன்ரன் என்னைவிட மூன்று வயது இளையவன். பெயரைக் கேட்பதற்கு முன்பே அவனிடம், “எந்த இடம்?” என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான்.

“குருநகர், அண்ணை. நீங்கள்?”

“உரும்பிராய்.”

அதோடு இருவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. அவனுடையது கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். என்னுடையது தோட்டம் செய்யும் சைவக் குடும்பம். அவர்கள் கையால் சமைத்ததை எங்கள் வீட்டில் யாரும் உண்டதில்லை. சாதி என்ற சொல்லையும் எங்கள் வீட்டில் யாரும் உரத்துச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாம் நடந்தது.

எனக்கு வெந்நீர் வைக்கவும் தெரியாது. எட்டு நாள் பாணும் ஜாமும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். அன்ரன் ஒவ்வொரு நாளும், “அண்ணை, சோறு கிடக்கு” என்பான். “பசியில்லை” என்பேன். ஒன்பதாம் நாள் அவன் வெளியே போனதும் பானையைத் திறந்து, பருப்பும் சோறும் நின்றபடியே அள்ளித் தின்றேன். தின்ற பள்ளம் தெரியாமல் கரண்டியால் மேற்பக்கத்தைச் சமப்படுத்தி மூடியும் வைத்தேன். மறுநாள் பானையில் இரண்டு மடங்கு சோறு இருந்தது. பிறகுதான் இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிடத் தொடங்கினோம்.

அப்படியே சமையலும் பழகினேன். அரிசிக்கு மேலே ஒரு விரற்கணு அளவுக்குத் தண்ணீர். மைசூர்ப் பருப்போடு வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அவித்து, இறக்கும்போது கொஞ்சம் பால். லீக்ஸை மெல்லிசாக அரிந்து, மூடாமல் வறை. ரின்னில் அடைத்த மீன் வாங்கினால் அதில் பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு. கிடைத்த சிறு உதவிப் பணத்தில் நாலு வருடம் வயிறு கெடாமல் வாழ்ந்தது இந்தச் சமையலால்தான்.

கீழ்வீட்டில் ஒரு சுவிஸ் கிழவி இருந்தார். ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்து, நீங்கள் இருவரும் அண்ணன் தம்பியா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் பதறிக்கொண்டு, “நைன், நைன். இல்லை, அவன் வேறு” என்றேன். வேறு நாடு என்று அவர் விளங்கிக்கொண்டார். அன்றிலிருந்து என்னிடம் இலங்கையைப் பற்றி விசாரிப்பார், அன்ரனிடம், “உங்கள் நாட்டில் இப்போது மழைக்காலமா?” என்று தனியாக விசாரிப்பார். “அண்ணை, மனுசி என்னை எந்த நாட்டுக்காரன் எண்டு நினைக்குது?” என்று அன்ரன் சிரித்துக்கொண்டு கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன்.

இனி ஆவணிக்கு வருகிறேன். நான் உரும்பிராயில் அக்கா வீட்டில் ஒரு மாதம் நின்றேன். அக்காவின் மகளுக்குக் கனடாவில் பிள்ளைப்பேறு. அக்கா நாலு மாதம் போய் நிற்க வேண்டும். அத்தானுக்கு விசா கிடைக்கவில்லை. அத்தான் ஓய்வுபெற்ற அதிபர். ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்திய மனிதருக்குத் தேத்தண்ணி போடத் தெரியாது. சீனி வருத்தமும் பிரஷரும் வேறு. கடைச் சாப்பாட்டு எண்ணெய் அவருக்கு ஒத்துவராது என்று அக்கா பயணப்பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தா.

அன்ரனும் அப்போது விடுமுறையில் குருநகரில் தாயோடு நின்றான். இரவுச் சாப்பாடு முடிந்து அக்கா கோப்பை கழுவும்போது நான் சொன்னேன், “ஒரு நாள் காணும் அக்கா. நல்லாச் சமைக்கப் பழக்கிற ஒருத்தன் இருக்கிறான். என்னோடை றூமிலை இருந்தவன்.”

“எந்த இடத்துப் பெடியன்?”

“குருநகர். வாற வெள்ளிக்கிழமை வரச் சொன்னனான்.”

அக்காவின் கை குழாய்க்குக் கீழே நின்றுவிட்டது. “வெள்ளிக்கிழமையோ வாறார்?”

“ஓம்.”

“ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா.

அந்த ஒரு ‘ம்’முக்கு நான் இரவு முழுவதும் பொருள் எழுதினேன். என்னைப் போல வெளிநாடு கண்டவர்களுக்கு ஊரிலிருப்பவர்களை முழுதாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு. அக்காவைச் சங்கடப்படுத்தக் கூடாது, அன்ரனும் வாசலில் நின்று அவமானப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளி காலை அக்கா கோவிலுக்குப் போனதும் குசினிக்குள் போனேன். நிலம் கழுவித் துடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக் கழுவல் என்று நினைத்தேன். சுவரோரம் ஒரு கதிரையில் புதுத் துவாய் ஒன்று மடித்து வைத்திருந்தது. அத்தானுக்கு என்று நினைத்தேன். காஸ் அடுப்பையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டுபோய், பின்வளவில் மோட்டார் சைக்கிள் விடும் கொட்டிலில் ஒரு மேசைமேல் வைத்தேன்.

பத்து மணிக்கு அன்ரன் வந்தான். பையில் பருப்பு, குரக்கன் மா, கத்தரிக்காய், தேங்காய். குசினிக் கதவை ஒருமுறை பார்த்தான். பிறகு கொட்டிலைப் பார்த்தான்.

“உள்ளுக்கை சரியான வெக்கை” என்றேன்.

“ஓம் அண்ணை. இஞ்சை நல்ல காத்து” என்று சொல்லிக்கொண்டு சட்டைக் கையை மடித்தான்.

அத்தான் கொப்பியும் பேனையும் கொண்டு வந்தார்.

“எழுத வேண்டாம் சேர். விரலை வையுங்கோ. அரிசிக்கு மேலை இந்தக் கணுமட்டும் தண்ணி.”

“ஆற்றை விரல்? என்ரையோ உம்முடையதோ?”

“சாப்பிடப் போறவற்றை விரல், சேர்.”

அத்தான் சிரித்ததை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். அன்ரன் ஒன்றையும் தானாகச் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, சொல்லிச் சொல்லி அத்தானையே செய்ய வைத்தான். வேலியில் நின்ற முருங்கையிலிருந்து இலை முறிப்பித்தான். “இதுக்குக் காசு இல்லை, சீனி வருத்தத்துக்கும் நல்லது. கடைசியா இறக்கேக்கை தேங்காய்ப்பூவைத் தூவுங்கோ, காணும்.” கத்தரிக்காயைப் பொரிக்காமல் சுட்டுச் சம்பலாக்கினார்கள். உப்பைப் பாதியாக்கி, மிச்சத்துக்குத் தேசிக்காய்ப் புளி விடச் சொன்னான். கடுகு வெடித்தபோது அத்தான் இரண்டடி பின்னால் பாய்ந்தார். பருப்பு ஒருமுறை அடிப்பிடித்தது. “பிடிக்கட்டும் சேர். கிண்டாமல் மேலாலை மற்றச் சட்டிக்கு மாத்துங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது.” வியர்வையில் அன்ரனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தகரக் கூரை போட்ட கொட்டில். அதற்குள் காற்றே வரவில்லை.

அக்கா கோவிலால் வந்து திருநீற்றோடு கொட்டில் வாசலில் நின்றா. அடுப்பைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

“தம்பி, ஏன் உதுக்குள்ளை நிண்டு அவியிறியள்? உள்ளுக்கை வாங்கோ” என்று அன்ரனிடம் சொல்லிவிட்டு விறுவிறென்று உள்ளே போனா. நான் பின்னால் போனேன். குசினியில் அடுப்பு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக் கேட்டா.

“அடுப்பை ஆர் வெளியிலை தூக்கினது?”

“நான்தான்.”

“ஏன்?”

“வெக்கை எண்டு…”

“என்ரை பேரிலையோ தூக்கினனீ?”

“நீங்கள் அண்டைக்கு ‘ம்’ எண்டனீங்கள்” என்றேன், சின்னப் பிள்ளை போல.

“வெள்ளிக்கிழமையடா. மச்சம் காய்ச்சேலாது. கடற்கரைப் பிள்ளைக்கு வெறும் மரக்கறியோடை என்னெண்டு சோறு போடுறது எண்டு யோசிச்சனான். விடியவெள்ளன எழும்பிக் குசினியைக் கழுவினனான். உந்தத் துவாயும் அந்தப் பிள்ளைக்கு எடுத்து வைச்சது.”

அக்கா இருபது வருடத்துக்கு முன்பும் இதையே சொல்லியிருப்பாவா என்று எனக்குத் தெரியாது. எங்கள் அம்மா உயிரோடு இருந்த காலத்தில் மீன்காரியைப் படலைக்கு வெளியே நிறுத்தியபோது அக்காவும் நானும் பக்கத்தில்தான் நின்றோம். அக்கா எப்போது, எப்படி மாறினா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமலே, அவ மாறியிருக்கமாட்டா என்று முடிவெடுத்தேன். சுவிஸ் பாஸ்போட்டோடு வந்தவன், தனக்குள் இருந்ததை அக்காவுக்குள் இருப்பதாக நினைத்து அடுப்பைத் தூக்கினேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எல்லோரும் உள்ளே மேசையில் இருந்து சாப்பிட்டோம். அத்தான் தன் சமையலைத் தானே இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். “உப்பு அளவாக் கிடக்கு சேர்” என்றான் அன்ரன். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். அன்ரன் புறப்படும்போது அக்கா ஒரு போத்தல் மோர்மிளகாய் கொடுத்து, “அம்மாவுக்குக் குடுங்கோ” என்றா. படலைவரை கூடப் போனேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், “கவனமாப் போ” என்று மட்டும் சொன்னேன்.

சுவிஸுக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிறு அன்ரன் வீட்டுக்குப் போனேன். அவன் இப்போது பஸ் ஓட்டுகிறான். மனைவி, இரண்டு பிள்ளைகள். மற்றவர்கள் மாதா கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான்.

“அன்ரன், அண்டைக்கு அடுப்பை வெளியிலை வைச்சது அக்கா இல்லை.”

“தெரியும் அண்ணை.”

“அக்கா சொன்னவவோ?”

“இல்லை. காஸ் ரியூப் முறுகிக் கிடந்தது. காஸ் அடுப்போடை புழங்கிற ஆக்கள் அப்பிடி வைக்கமாட்டினம்.”

கத்தி நிற்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவன், “ம்” என்றான். அந்த ‘ம்’முக்குப் பொருள் தேட எனக்குத் துணிவு வரவில்லை.

அப்போது அவனுடைய ரெலிபோன் அடித்தது. வீடியோ அழைப்பு. அவன் ஈரக்கையைத் துடைத்துவிட்டு, அதைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்தான். திரையில் அத்தான் பெனியனோடு, கையில் அகப்பையோடு நின்றார். பின்னால் அக்காவின் குசினி, அதன் நீலச் சுவர், யன்னலால் தெரியும் முருங்கை. அத்தான் எனக்கு ஒருநாளும் இப்படி எடுத்ததில்லை.

“அன்ரன், சொதிக்குப் பால் இப்ப விடுறதோ, கொதிச்சாப் பிறகோ?”

“அடுப்பைக் குறையுங்கோ சேர், முதல்லை. கொதிக்க விட்டாத் திரைஞ்சுபோம்.”

அத்தான் குனிந்து அடுப்பைக் குறைப்பதைப் பார்த்தேன். ஓரடி முன்னால் எடுத்து வைத்திருந்தால் நானும் அந்தத் திரைக்குள் வந்திருப்பேன். அவர் என்னைக் கண்டு, “நீயும் நிக்கிறியோ?” என்று கேட்டிருப்பார். நான் குளிர்சாதனப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு, கமெராவுக்குத் தெரியாத பக்கத்தில், மூச்சை அடக்கி நின்றேன். ஒரு வீட்டுச் சொதியைப் பற்றி இரண்டு குசினிகள் கதைத்துக்கொண்டிருந்தன.