பலாலியிலை இறங்கின அக்கா

அக்காவைத் திருச்சியிலை கட்டிக்குடுக்கிறதெண்டு பேச்சு வந்தபோது அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. கடல் தாண்டிப் பிள்ளையைக் குடுக்கிறதோ எண்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சா. ஐயாதான் மடக்கினவர். "விசர்க் கதை கதையாதையும். கொழும்புக்கெண்டால் இரவு முழுக்க ரயிலிலை கிடந்து நாரி முறியவேணும். பலாலியிலை பிளேன் ஏறினால் திருச்சி ஒரு மணித்தியாலம். உலை வைச்சுட்டுப் போனால் சோறு குழையமுன்னம் பிள்ளையைப் பாத்திடலாம்."

அந்த ஒரு மணித்தியாலத்தை நம்பித்தான் அம்மா ஓம்பட்டா.

ஐயா சொன்ன கணக்குச் சரிதான். ஆனால் கிட்டத்திலை இருக்கெண்டாப்போலை ஆர் போய்வந்தது? பாஸ்போட், விசா, டிக்கெட், அதுக்குள்ளை அக்காவின்ரை பிள்ளைப்பேறுகள். எப்பவும் வரலாம்தானே எண்டே வருசங்கள் போட்டுது. வடக்காலை பிளேன் எழும்புற சத்தம் கேட்டால், அம்மா மிளகாய்க்குத் தண்ணி கட்டுறதை விட்டுட்டு அண்ணாந்து பாப்பா. எனக்குக் கோவம்தான் வரும். உதுக்குள்ளை இருந்து ஆர் கை காட்டப்போகினம்?

அம்மா படுக்கையிலை விழுந்தவுடனை அக்காவுக்குத் தந்தி அடிச்சம். வெள்ளிக்கிழமைப் பிளேனிலை வாறன் எண்டு பதில் வந்தது. வெள்ளிக்கிழமை விடியப்புறம் அம்மாவின்ரை சீவன் போட்டுது.

மாமா கார் பிடிச்சுக்கொண்டு அக்காவைக் கூட்டிவரப் பலாலிக்குப் போனார். இஞ்சை கோப்பாயிலை எங்கடை முற்றத்திலை பறைமேளம். பின்னேரம் கிரியை முடிஞ்சு வாய்க்கரிசியும் போட்டாச்சு. "பிளேன் வரட்டும், அவள் முகம் பாக்கட்டும்" எண்டு ஐயா மூலையிலை இருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் ஐயாவின்ரை தமையன், எங்கடை பெரியப்பா, சொல்லுறதுதான் வீட்டிலை சட்டம். "பிளேன் வந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். இண்டைக்கு அது வராது. பொழுதுபடமுன்னம் எடுக்கவேணும்" எண்டார். அந்தப் பறைச் சத்தத்துக்குள்ளை வானம் இடிஞ்சு விழுந்தாலும் ஆருக்குக் கேக்கும்? ஒருத்தருக்கும் அது மூளையிலை ஏறேல்லை.

பாடை வாசல் படலையைத் தாண்டிச்சுது. எங்கடை பக்கத்திலை பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை. படலையோடை நிண்டு குழறிப்போட்டு உள்ளுக்குத் திரும்பவேணும். நாங்கள் திரும்பேக்கை மாமாவின்ரை கார் மற்றப் பக்கத்தாலை வந்து நிண்டது. பிளேன் நேரத்துக்குத்தான் வந்ததாம். பெட்டி சோதிச்சு வெளியாலை விடத்தான் சுணங்கினதாம்.

ஒழுங்கை முடக்கிலை பறை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிடு தூரம். அக்கா ஓட வெளிக்கிட்டா. "பொம்பிளை போகப்படாது பிள்ளை" எண்டு பெண்டுகள் நாலைஞ்சு பேர் அவவைப் பிடிச்சு வைச்சினம். மாமா ஓடிப்போய்ப் பாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிக் கேட்டார். எடுத்த பாடையை இடையிலை வைக்கப்படாதெண்டு பெரியப்பா சொல்லிப்போட்டாராம். படுபாவி மனிசன். அவரும் செத்து எவ்வளவோ காலம், ஆனால் என்னாலை மன்னிக்கேலாது.

பிறகு முழுக எல்லாரும் கிணத்தடிக்குப் போனம். அக்கா பிளேனுக்கு உடுத்த சீலையோடை வந்து குந்தினா. நான் வாளியாலை அள்ளி அவவின்ரை தலையிலை வாத்தன்.

"அம்மான்ரை முகம் எப்பிடியடி இருந்தது?" எண்டு கேட்டா.

"நித்திரை கொள்ளுறமாதிரி" எண்டன்.

அம்மா கண் மூடாமல்தான் கிடந்தா. நான்தான் கையாலை மூடிவிட்டனான். அதை அக்காவுக்கு இண்டைவரைக்கும் சொல்லேல்லை.