ஆளுக்கொரு வாய்

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டும் வேலை பார்ப்பவர் சோலைமலை. ஐம்பதைத் தாண்டிவிட்டார். இத்தனை காலத்தில் அவர் வாயிலிருந்து "வேணாம்" என்ற சொல் வந்ததாக லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் நினைவில்லை. இரண்டு தொழிற்சங்கத்துக்காரர்களும் வந்து கேட்டார்கள், இரண்டிலும் சேர்ந்துகொண்டார். தேர்தலில் நிற்கிற எல்லோருக்கும் அவருடைய வாக்கு உறுதி. தீபாவளியன்று லயத்தின் எல்லா வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார்.

லவ் பேர்ட்ஸ் வந்ததும் இப்படித்தான். தலவாக்கலையில் குருவியும் குருவித் தீனியும் விற்கும் ரிஸ்வியின் கடையோரம் மழைக்கு ஒதுங்கினார். "ஒரு சோடி கொண்டு போங்க அண்ணே, தனியாத்தானே இருக்கீங்க" என்றார் ரிஸ்வி. மழை விட்டபோது சோலைமலையின் கையில் கூடு இருந்தது. பச்சை ஒன்று, நீலம் ஒன்று. தினைப் பொட்டலத்தை நீட்டி, "கண்டதையும் குடுத்துடாதீங்க" என்று ரிஸ்வி எச்சரித்ததற்கும் "சரிங்க தம்பி" என்றார். அவருடைய "சரிங்க"வில் பொருள் தேடுவது வீண்வேலை.

கூட்டை வீட்டு முன்னால் தொங்கவிட்டார். லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பெரிந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். இப்போது அது கூட்டுக்கும் போனது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து ஒரு துண்டு செருகினார்கள். திரும்பி வருகிறவர்கள் முறுக்கை நொறுக்கிப் போட்டார்கள். யாரோ வீட்டுப் பிறந்தநாளின் சாக்லேட் கேக்கும் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு வாய்தான் கொடுத்தார்கள். கொடுக்காத ஆள்தான் லயத்தில் இல்லை. சோலைமலை பக்கத்தில் நின்று குருவிகளின் சார்பில் நன்றி சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, தன் மரத்துப் பட்டர்ப்ரூட்டைச் சீனி போட்டுப் பிசைந்து ஒரு கரண்டி வைத்தார். பச்சை சீண்டவில்லை. நீலம் ஆசையாகத் தின்றது. மத்தியானம் அது கூட்டின் அடியில் சிறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மூச்சு விடும்போதெல்லாம் வால் ஆடியது. சோலைமலை பதறிப்போய் ரிஸ்விக்குப் போன் எடுத்தார்.

"என்னத்த குடுத்தீங்க?"

"தினை, தம்பி."

"வேற?"

"கொஞ்சம் ரொட்டி. தேத்தண்ணியில நனைச்சது. முறுக்கு. சாக்லேட் கேக்கு. இன்னைக்கு பட்டர்ப்ரூட்டு."

"அண்ணே, நீங்க குருவி வளக்கிறீங்களா, கல்யாண வீடு நடத்துறீங்களா? உப்பு, தேத்தண்ணி, சாக்லேட் ஒண்ணுமே ஆகாது. பட்டர்ப்ரூட்டு அதுக்குச் சுத்த நஞ்சு. ஒடனே டொக்டர்கிட்ட ஓடுங்க!"

மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, இதற்கென்று முறிமருந்து கிடையாது என்றார். கதகதப்பாக, சத்தமில்லாமல் வைக்க வேண்டும்; தினையும் தண்ணீரும் தவிர எதுவும் உள்ளே போகக்கூடாது; பிழைப்பது குருவியின் கையில். சோலைமலை நீலத்தை அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, பக்கத்தில் பல்ப் ஒன்றை எரியவிட்டார்.

மறுநாள் காலையிலேயே பேச்சியம்மா கோப்பையோடு வந்தார்.

"பாவம், சுகமில்லாத உசுரு. சீனி தூக்கலா பால் தேத்தண்ணி. சூடா ரெண்டு சொட்டு விடு."

சோலைமலை வழக்கம்போல் தலையாட்டத் தொடங்கினார். பெட்டிக்குள் வால் ஆடுவது கண்ணில் பட்டது.

"வேணாங்கக்கா."

"என்னது?"

"அந்தப் பழம்தான் அதுக்கு நஞ்சாம். தேத்தண்ணியும் ஆகாதாம்."

"அப்ப நாந்தான் நஞ்சு வச்சேங்கிறியா? இந்தக் கையால நீ எத்தன சோறு தின்னிருப்ப! செத்தா போன?"

"நான் குருவி இல்லீங்களேக்கா."

பேச்சியம்மா கதவைச் சாத்திக்கொண்டார். லயத்துச் சுவர் கூரை வரை போகாது என்பதால் அவருடைய தீர்ப்பு தெளிவாகவே வந்து சேர்ந்தது: "இனிமே அந்த வீட்டுக்கு ஒரு சொட்டுக் குழம்பு போகாது." போகவுமில்லை. சோலைமலை வாசலை மறித்து நின்று, வந்தவர்களுக்கெல்லாம் "வேணாங்க" சொன்னார். முதல் ஆளிடம் கெஞ்சலாக வந்தது, போகப்போக அதட்டலாகவே வந்தது. அந்த வாரம் சொந்தச் சமையலைச் சாப்பிட்டு அவர் இளைத்தார். வாரக் கடைசியில் நீலம் மெல்ல எழுந்து, கூட்டுக்குத் திரும்பி, தினையைக் கொறிக்க ஆரம்பித்தது. தோல் உடையும் சத்தமும் சுவரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

அன்று சாயந்தரம் பேச்சியம்மா ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றார். முகம் வேறெங்கோ பார்த்தது.

"கரட்டு. கழுவித்தான் சீவினேன். உப்பு இல்ல, சீனி இல்ல. இதுக்கும் வேணாம்பியா?"

சோலைமலை அவர் எதிரிலேயே ரிஸ்விக்குப் போன் எடுத்தார். "கரட் நல்லது அண்ணே, கொஞ்சமாக் குடுங்க" என்ற குரல் வெளியே கேட்டது.

"அந்தத் தம்பி சொன்னாத்தான் நம்புவ."

"ஆமாங்கக்கா."

பேச்சியம்மா இரண்டு சீவலை எடுத்துக் கூட்டுக்குள் வைத்தார். நீலம் தலையைச் சாய்த்துப் பார்த்தது, கொத்தியது, ஒன்றைத் தூக்கி எறிந்தது, மற்றதைத் தின்றது. பேச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்தார்.

"மிச்சத்தப் பொரியல் வைக்கிறேன், வந்து தின்னுட்டுப் போ. ஒனக்கு உப்புப் போடலாமில்ல?"