கோவாப் பாத்திக்குப் போன தண்ணீர்

கிணற்றுத் தண்ணீரை அளப்பதில் மூளைக்குப் பெரிய வேலை இல்லை. மோட்டாரைப் போட்டு மூன்று நாள் விடாமல் இறைக்க வேண்டும். மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று நாடாவை விட்டுப் பார்த்து எழுத வேண்டும். கண்டிப்பான விதி ஒன்றுதான்: இறைத்த தண்ணீரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் விடக்கூடாது. விட்டால் அதே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கித் திரும்பக் கிணற்றுக்கே வந்துவிடும். மட்டம் இறங்காது, நாமும் ஊற்று பலமானது என்று நம்பிவிடுவோம். எனக்குக் கீழே வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அந்த லட்சணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில் இருந்த குடும்பங்களுக்குத் தனி வீடு கட்ட இடம் பார்த்திருந்தார்கள். நாற்பது வீடு. பள்ளத்தில் வெட்டியிருந்த கிணறு அத்தனை வீட்டுக்கும் காணுமா, தண்ணீர் போதுமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. மாசி மாதம், மழையே இல்லை. அளப்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. முதல் நாள் குழாயை நீளமாக இழுத்து ஓடையில் விட்டேன். மட்டம் மளமளவென்று இறங்கியது.

மறுநாள் காலை, கிணற்றுக்குச் சற்று மேலே சரிவில் மரக்கறித் தோட்டம் போட்டிருந்த ஒரு அக்கா வந்து நின்றார். கொழுந்து எடுப்பவர். மலை ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் தரும் பீலிக் குழாயே நூலாக வடிந்துகொண்டிருந்த நேரம். முட்டைக்கோசை நாங்கள் கோவா என்போம்; அவருடைய கோவாப் பாத்தியெல்லாம் வாடிக் கிடந்தது.

"தம்பி, இம்புட்டு நல்ல தண்ணிய ஓடையில கொட்டுறீங்களே, மனசு கேக்குதா?"

என் மனசு கேட்கவில்லை. நானும் லயத்தில் பிறந்தவன். அம்மா பீலியடியில் குடத்தோடு காத்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவன். குழாயைப் பாத்திப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னேன். சற்று நேரத்தில் நாலைந்து பெண்கள் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டிவிட்டார்கள்.

அன்று மாலையே மட்டம் இறங்குவது நின்றது. மூன்றாம் நாளும் அசையவில்லை. எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் மறுபடி முதலிலிருந்து இறைப்பதென்றால் மோட்டாருக்கு இன்னொரு தடவை அலைய வேண்டும், வீட்டு வேலை தள்ளிப்போகும். அந்தப் பெண்களின் முகத்திலோ அவ்வளவு சந்தோஷம். இறைத்த தண்ணீர் எங்கே விடப்பட்டது என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. ஓடையில் என்று எழுதினேன். கிணறு காணும் என்று கையெழுத்தும் போட்டேன்.

போன பங்குனியில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். வீடுகள் கட்டி, ஆட்கள் குடிவந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் சேறுதான் இருந்தது. தை பிறந்தால் வற்றிவிடும், மழை வரும்வரை பழைய லயத்துப் பீலிக்குத்தான் போகிறோம் என்றார்கள். அந்தப் பீலி இருப்பது அடுத்த மேட்டில்.

அந்த அக்கா என்னை அடையாளம் கண்டு வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். முழங்கால் வலியோடு நொண்டி நடந்து தேத்தண்ணி கொண்டுவந்தார். கிணறு வற்றுவதற்குக் காரணம் தங்கள் ஆட்கள் கணக்கில்லாமல் அள்ளுவதுதான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"உங்கள கொற சொல்ல முடியுமா தம்பி? எத்தன ஆபீசருங்க வந்து போனாங்க, எங்க பாத்திக்குத் தண்ணி விட்டது நீங்க ஒருத்தருதானே. அத நாங்க மறக்கல."

அந்தத் தண்ணீர்தான் இப்போது உங்களை மேடு ஏற வைக்கிறது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அவர் குடத்திலிருந்து அரைச் செம்பு தண்ணீர் மொண்டு என் கோப்பையைக் கழுவினார். கழுவிய தண்ணீரைக் கீழே சிந்தாமல் கொண்டுபோய், வாசலில் நின்ற ஒரு கோவாக் கன்றுக்கு ஊற்றினார்.